சிங்கி இறாலும் என் கெட்ட பெயரும்

பார்பிக்யூ அடுப்பு ஒன்று வாங்கியிருப்பதாகவும் வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வைத்துப் பற்ற வைக்கப் போவதாகவும் என் மருமகன் போனில் சொன்னபோது, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்த பிள்ளை. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். தங்கமான குணம். குறை என்று சொன்னால் இரண்டுதான். எதைச் செய்வதென்றாலும் மொபைலைக் கேட்டுவிட்டுத்தான் செய்வான், முள் மீனைத் தட்டில் வைத்தால் பரீட்சை எழுதுவது போல முழிப்பான். அவன் கேட்டது பெரிய சிங்கி இறால் ஆறு, லாப்ஸ்டர் என்பான் அவன். அதிலும் வால் மட்டும் போதுமாம், வெண்ணெய் தடவிச் சுடுவானாம்.

கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் பொருள் அதுதான். "அதுக்கின்னாப்பா, கடல்காரன் வூட்ல சிங்கி எறாவுக்கா பஞ்சம்?" என்று வீராப்பாகச் சொல்லி போனை வைத்துவிட்டேன்.

உண்மையில் பஞ்சம்தான். திருவொற்றியூர் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டு முப்பது வருடம் ஆகிறது. இந்த முப்பது வருடத்தில் இரண்டு மீசையும் முழுசாக இருந்த ஒரு சிங்கி இறாலை நான் சட்டியில் போட்டதில்லை. அது உயிரோடு இருந்தால்தான் விலை. வலையிலிருந்து எடுத்ததும் ஈரக் கோணியில் சுற்றி வைப்போம். காலையில் ஏஜென்ட் மொபெட்டில் வந்து ஹாரன் அடிப்பார். உயிருள்ளதை எல்லாம் பெட்டியில் எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போய்விடுவார். அங்கிருந்து அது விமானம் ஏறி எந்த ஊருக்குப் போகிறதோ, யார் தின்கிறார்களோ. கால் உடைந்தது, மீசை போனது, செத்தது, இவைதான் வீட்டுக்கு. அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. புளி ஊற்றிக் குழம்பு வைத்தால் மீசை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் என் கெட்ட பெயரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அதற்கு முந்தைய ஐப்பசியில் என் வீட்டுக்காரரும் அவருடைய சின்னம்மா மகனும் போன ஃபைபர் படகு எண்ணூர் முகத்துவாரத்தில் கவிழ்ந்துவிட்டது. கொழுந்தன் வெளியே விழுந்தார். இவர் படகுக்கு அடியில், வலைக்குள் மாட்டிக்கொண்டார். கொழுந்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் போய், கத்தியால் வலையை அறுத்து இவரை இழுத்து வந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டு, கட்டுப் பிரித்து, பொங்கல் முடிந்ததும் இனி தாராளமாகத் தொழிலுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நடுத்தெருவில் நின்று, நாலு பேர் கேட்கத்தான் சொன்னேன். எனக்கு மெதுவாகப் பேச வராது. கையில் மீன் தட்டோடு வீதி வீதியாகக் கூவி விற்ற தொண்டை இது.

அதிலிருந்து ஊரில் என் பெயர் கெட்டது. நல்லா இருந்த மனுஷனை முந்தானையில் முடிந்து வைத்துவிட்டாள் என்றார்கள். வலை பின்னுகிற இடத்தில் பேச்சு, தண்ணீர் லாரி வருகிற இடத்தில் பேச்சு. போதாததற்கு இவர் வேறு. கொழுந்தன் வந்தால், பக்கத்து வீட்டுக்காரர் வந்தால், மகள் வந்தால், உடனே என் பக்கம் திரும்பி, "போய்ட்டு வரட்டா?" என்று பச்சைப் பிள்ளை மாதிரி கேட்பார். நான் கூடாது என்று கத்துவேன். இவர் பெருமூச்சு விட்டு, வந்தவர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். வந்தவர்கள் என்னை முறைப்பார்கள். என் மகளே, "நைனாவ ஜெயில்ல வெச்ச மாதிரி வெச்சிகினுகீற" என்று சொல்லிவிட்டு இரண்டு வாரம் பேசாமல் இருந்தாள்.

வீட்டில் இருந்த நான்கு மாதமும் அவர் என் உயிரை எடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். நான் மீன் கழுவினால் பக்கத்தில் குந்தி, செதிள் இந்தப் பக்கம் தேய்க்க வேண்டும் என்பார். அரிசி களைந்தால் தண்ணீர் போதாது என்பார். மசாலா டப்பாக்களை எல்லாம் உயரப்படி அடுக்கி வைத்ததில் சீரகத்தைத் தேடி எனக்கு அரை நாள் போனது. இத்தனைக்கும் நான் அசையவில்லை. படகைவிட இந்த பேஜாரு தேவலை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கொழுந்தனுக்கும் ஒரு அளவுக்கு மேல் காத்திருக்க முடியாது அல்லவா? படகில் ஜோடி ஆள் வேண்டும். திங்கட்கிழமை காலையில் அண்ணன் வந்தால் சரி, இல்லையென்றால் எண்ணூர்க்காரர் ஒருவரை நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்கிறேன் என்று அந்த வாரம் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ஒரு தடவை வேறு ஆள் ஏறிவிட்டால் அப்புறம் இவருக்கு அந்தப் படகில் இடம் இல்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இந்த நிலையில்தான் அந்த ஞாயிறு விடிந்தது. கொழுந்தன் விடியற்காலை வலையை எடுத்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கோணியைப் பிரித்துக் காட்டினார். பெரிய சிங்கி ஆறு, மீசையை ஆட்டிக்கொண்டு. தனியாக ஒரு பையில் கால் போனது ஒன்று, மீசை போனது ஒன்று, செத்தது ஒன்று. பெரியது ஆறும் மாப்பிள்ளைக்குத் தன் அன்பளிப்பு என்றார். அவரை உட்காரவைத்து டீ கொடுத்தேன். இவரும் அவரும் வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பின்பக்கம் இஞ்சி பூண்டு உரிக்கப் போனேன்.

ஹாரன் சத்தம் கேட்டது. எழுந்து போனேன். கோணியைத் தூக்கினேன். பெட்டியில் ஆறையும் வைத்தேன். ஏஜென்ட் சீட்டில் எழுதினார், போனார். நான் மறுபடியும் பூண்டு உரிக்க உட்கார்ந்தேன். முப்பது வருடமாக அந்த ஹாரனுக்கு என் கை செய்கிற வேலை அது. மூளையைக் கேட்டுச் செய்வதில்லை.

கொடுமை என்னவென்றால், வாசலில் உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்பிள்ளைகளும் நான் பெட்டியில் வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பெட்டி மூடியைப் பிடித்துக் கொடுத்ததே இவர்தான். மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மகள் போன் செய்து, கிளம்பிவிட்டோம், அவர் வெண்ணெய் வாங்கிக்கொண்டிருக்கிறார், சிங்கி வந்துவிட்டதா என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

ஏஜென்டுக்கு போன் போட்டேன். அதற்குள் காசிமேட்டில் எடை போட்டுப் பெட்டி கட்டியாகிவிட்டது என்றார். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். தப்பு என்னுடையது என்பதால் நான் அவரைத்தான் திட்டினேன். மருமகன் முதன்முதலாகக் கேட்டது. கால் போனதையும் மீசை போனதையும் செத்ததையும் நெருப்பில் வைத்து எப்படி அவன் முன்னால் நீட்டுவது? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கொழுந்தன்தான் வழி சொன்னார். கல் ஓரமாகப் போட்ட இன்னொரு சிங்கி வலையை அவர் இன்னும் எடுக்கவில்லை. கடல் அரிப்புக்காகக் கொட்டிய பெரிய பெரிய பாறைகள் எங்கள் கரை நெடுக உண்டு. அதன் இடுக்குகளில் சிங்கி குடியிருக்கும். மாசி மாதக் கடல், குளம் மாதிரி கிடந்தது. ஒரு மணி நேர வேலை. என்ன, காலையில் கூட வந்த கூலி ஆள் வீட்டுக்குப் போய்விட்டார், படகுக்கு இன்னொரு ஆள் வேண்டும்.

உடனே இவர் வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். "இன்னாமே, போய்ட்டு வரட்டா?"

நான் வாயைத் திறந்தேன். கூடாது என்ற வார்த்தை நாக்கு வரை வந்தது. ஆனால் என் தப்பு, என் மருமகன், கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு வேலை. இத்தனை நாளாக ஊர் சொன்னதெல்லாம் ஒரு நிமிடத்தில் மண்டைக்குள் ஓடியது. நான்தான் ரொம்ப ஆடுகிறேனோ?

"சரி, போய்ட்டு வா," என்றேன். "பாத்து போ."

கொழுந்தன் முகம் அப்படி மலர்ந்தது. இவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. "மெய்யாலுமா சொல்ற?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சட்டையைத் தேடினார். சட்டை அவர் மேல்தான் இருந்தது. ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார், செருப்பை மாட்டினார், திரும்பி வந்து இன்னொரு சொம்பு குடித்தார். சந்தோஷத்தில் மனுஷனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் போய் அரை மணி நேரம் ஆகியிருக்கும். எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மிளகாய் அரைக்கிறேன், உப்பு போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை. தண்ணீர் கேனை வேறு மறந்துவிட்டுப் போயிருந்தார். அதை ஒரு சாக்காக வைத்துக் கையில் எடுத்துக்கொண்டு, துறைமுகத்துக்காக வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் புகுந்து, ரோட்டைத் தாண்டிக் கரைக்குப் போனேன்.

எங்கள் படகு தூரத்தில் தெரிந்தது. அதில் இரண்டு பேர். பார்த்ததும் அப்பாடா என்றிருந்தது. கரையில் வலை உதறிக்கொண்டிருந்த எங்கள் தெருப் பெண் ஒருத்தி என்னைக் கண்டதும் நேராக ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னிக்கு ஒரு நாளாச்சும் வுட்டா இன்னாக்கா? போட்டு வரைக்கும் வந்துட்டு, பொஞ்சாதி போன் போட்டு வேணாம்னுட்டான்னு திரும்பிட்டாரு. பாவம், அந்தாண்ட கல்லு மேல குந்திகினுகீறாரு. உன் கொழுந்தன் பக்கத்து போட்டுக்காரர இட்டுனு போயிருக்காரு."

நான் எங்கே போன் போட்டேன்? போகச் சொன்னேனே? என் வாயால், முதல் தடவையாக, சரி என்று சொன்னேனே?

பாறைகளின் மேல் தட்டுத்தடுமாறி ஏறிப் போனேன். மறுபக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேனை அவர் பக்கத்தில் டக்கென்று வைத்தேன். நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"பயமா கீதுமே. போட்ல கால வெச்சா கை ஒதறுது. கண்ண மூட்னா வலதான் தெரியுது."

இத்தனை நாளாக நடந்ததெல்லாம் அப்போதுதான் எனக்கு வரிசையாக விளங்கியது. நாங்கள் இருவரும் தனியாக இருக்கும்போது அவர் ஒரு நாள்கூட 'போய்ட்டு வரட்டா' என்று கேட்டதில்லை. பக்கத்தில் யாராவது இருந்தால்தான் கேட்டார். நான் கத்த வேண்டும் என்றுதான் கேட்டார். முப்பது வருடம் ஒரே தட்டில் தின்றவள், எனக்கு அது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது.

"ஊரே என்ன ராட்சசின்னுச்சு. பெத்த பொண்ணு மூஞ்சி குட்த்துப் பேசல. அல்லாத்தையும் கேட்டுகினு குந்தினு இருந்தியா?"

"நீ தாங்குவ," என்றார். "என்ன பயந்தாங்கொள்ளின்னா நா தாங்க மாட்டேன்."

அவரை அப்படியே கடலில் தள்ளிவிடலாமா என்று இருந்தது. ஆனால் தொடைக்கு அடியில் இருந்த கையை இழுத்துப் பிடித்துப் பார்த்தபோது அது நடுங்கிக்கொண்டிருந்தது. எத்தனை புயலில் கயிறு பிடித்த கை! பட்டப்பகலில் கரையில் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற வழக்கமெல்லாம் எங்களுக்கு இல்லை. உட்கார்ந்தேன். எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கிகள் பாட்டுக்குப் புகைந்துகொண்டிருந்தன. எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மனசு லேசானது. போக மாட்டார். இனி அவர் போகவே மாட்டார். இத்தனை நாளாக நான் கத்திக் கத்தி வாங்க நினைத்தது என் கையிலேயே இருந்திருக்கிறது.

யாரிடமும் சொல்லாதே என்றார். சொல்லவில்லை. இப்போது எழுதலாம் என்று அவரே சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

வலையில் ஐந்து மாட்டியிருந்தது. ஒன்று சினையோடு இருந்ததால் அதைக் கடலிலேயே விட்டுவிட்டதாகக் கொழுந்தன் சொன்னார். நான்கையும் கையில் வாங்கியதும் முதல் வேலையாக அறைக்குள் வைத்துக் கதவைப் பூட்டினேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் அடுப்பு பற்றியது. மருமகன் கத்தரிக்கோலால் ஓட்டின் முதுகை வெட்டி, சதையைப் பிளந்து, பூண்டும் மிளகாய்த்தூளும் குழைத்த வெண்ணெயைப் பூசினான். தலைகளை நான் கீழே குழம்புக்கு எடுத்துக்கொண்டேன், அதை வீணாக்க நான் என்ன மடச்சியா? மொபைல் சொன்ன நிமிடக் கணக்கில் முதல் இரண்டு வாலையும் வைத்தான். ரப்பர் ஆகிவிட்டது. பிள்ளை முகம் தொங்கிப் போனது. அதுவரை சுவரோரம் நின்றிருந்த இவர் வந்து, மெல்ல இடுக்கியை வாங்கினார். கரியைக் கொஞ்சம் ஒதுக்கினார். மொபைலைப் பார்க்கவில்லை. குனிந்து மோந்து பார்த்தார். ஓடு சிவந்து, சதை வெள்ளையாகி, வெண்ணெய் சொட்டிக் கரியில் சீறியதும் சட்டென்று எடுத்துவிட்டார்.

எனக்கு வெண்ணெய் என்றாலே ஆகாது. ஆனால் அது வாயில் வைத்ததும் இனிப்பாக இருந்தது. இத்தனை நாள் புளியைக் கொட்டி இந்த இனிப்பைக் கொன்றிருக்கிறேன். மருமகனிடம் சூப்பர் என்றேன். இரண்டு வருடத்தில் நான் அவனை வாய்விட்டுப் பாராட்டியது அன்றைக்குத்தான். கால் போனதையும் மீசை போனதையும்கூட இவர் நெருப்பில் வைத்தார். செத்ததை மட்டும் தெருப் பூனைக்குப் போட்டேன். கடல் காற்று அடித்தது, புகை பக்கத்து மாடிக்குப் போனது, மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். இவர் அடுப்பை விட்டு நகரவில்லை. நெற்றி வியர்க்க விசிறிக்கொண்டே இருந்தார், கை நடுங்கவில்லை.

கொழுந்தன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். எல்லாரும் இருக்கிறோம், நாளைக்குத் திங்கட்கிழமை, கேட்டுவிட வேண்டியதுதான் என்று அவர் முடிவு செய்தது முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணி, கடேசியா கேக்கறேன். நாளைக்கு அண்ணன இட்டுனு போவட்டா?"

மகள் என்னைப் பார்த்தாள். மருமகன் தட்டைப் பார்த்தான். இவர் விசிறுவதை நிறுத்தினார். நிமிரவில்லை. ஒரு வாலை அவசியமே இல்லாமல் புரட்டிப் போட்டார். அந்த முதுகைப் பார்த்தேன்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். பக்கத்து மாடிக்கும் கேட்க வேண்டும், கீழே தெருவுக்கும் கேட்க வேண்டும்.

"அவரு மேல கைய வெச்சு போட்ல ஏத்திப் பாரு, உன் போட்ட கரையிலயே கொளுத்திடுவேன். நா உசுரோட கீற வரைக்கும் அவர வுட மாட்டேன். போய் அந்த எண்ணூர்க்காரரையே சேத்துக்கோ."

கீழே யாரோ ஒருத்தி "பஜாரி" என்று சொன்னது தெளிவாகக் கேட்டது. மகள் தட்டை வைத்துவிட்டு எழுந்து படியிறங்கிப் போய்விட்டாள். கொழுந்தன் பெருமூச்சு விட்டார்.

இவர் இடுக்கியைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல் கொழுந்தனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பாத்தியாடா? நா இன்னா செய்யட்டும், அவ வுட மாட்றா," என்றார். அதை அவ்வளவு ஏக்கமாகச் சொன்னார், எனக்கே ஒரு நிமிடம், பாவம் இந்த மனுஷனை அனுப்பியிருக்கலாமோ என்று தோன்றிவிட்டது.